இரண்டு நாள் காய்ச்சல்

கல்முனைக்கு நான் போனது இரண்டு பெல்ட் கொடுக்க. இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. நெல் அறுக்கும் இயந்திரத்துக்குள் சுற்றுகிற ரப்பர் பெல்ட். சுருட்டி வைத்தால் ஒவ்வொன்றும் படுத்திருக்கும் நாய் அளவு இருக்கும். பையில் அடங்கவில்லை. இரண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு கடல் தாண்டினேன். கொழும்பில் சுங்க அதிகாரி ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். புது ரப்பரின் மணம் பிடித்திருந்ததோ என்னவோ, சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பெல்ட் கேட்டது நசீர். மஸ்கட்டில் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு மேல் கட்டில், எனக்குக் கீழ்க் கட்டில். அவன் கிரேன் ஓட்டினான். நான் கீழே நின்று கொக்கியில் சுமையை மாட்டுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்ததில்லை. பிறகு அவன் ஊர் திரும்பி, பழைய அறுவடை இயந்திரம் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தான். நான் வழக்கம்போல எங்கும் தங்கவில்லை. 'பெல்ட்டை அனுப்பு' என்றுதான் அவன் சொன்னான். நானே கொண்டு வருகிறேன் என்றேன்.

மலையிறங்கிச் சமவெளி தொடங்கும் இடத்தில், விடிகிற நேரம் பஸ் நின்றது. இன்ஜின் பெல்ட் அறுந்துவிட்டது. கண்டக்டர் ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் கழுத்தில் கண்ணை நிறுத்தினார்.

"அண்ணே, அத ஒருக்காத் தாங்களன், பாப்பம்."

இது வேறு பெல்ட், நீளம் அதிகம் என்றேன். அவர் நம்பவில்லை. டிரைவர் வாங்கி வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு பயணி, "ரெண்டு மூணு சுத்துச் சுத்துங்க, காணும்" என்றார். சுற்றினாலும் சரிவரவில்லை. பனிமூட்டத்துக்குள் சாலையோரம் உட்கார்ந்தோம். பலரும் நோன்பு. யாரும் டீக்கடை தேடவில்லை, யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. நம் ஊராயிருந்தால் இதற்குள் டிரைவரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். இங்கே எல்லோரும் அரைத்தூக்கத்தில் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு லாரியில் வேறு பெல்ட் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

ஞாயிறு நண்பகலில் கல்முனை தூங்கிக்கொண்டிருந்தது. நோன்பு பாதி முடிந்திருந்தது. சாப்பாட்டுக் கடைகளின் பலகைகள் மூடியிருந்தன. துணிக்கடைக்காரர்கள் கல்லாவில் கன்னத்தை வைத்துக் கிடந்தார்கள். கடலிலிருந்து வந்த காற்றுகூடக் கடைத்தெருவைக் கடக்கச் சோம்பல்பட்டது.

நசீர் பஸ் நிலையத்தில் நின்றான்.

"என்ன மாரி, மாப்பிள்ள மாதிரி மாலையோட வாறாய்."

கையைப் பிடித்தான். வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டது போல இருந்தது.

"கை சுடுதுடா" என்றேன்.

"வெயில்டா. நீ மஸ்கட்ட மறந்திட்டாய்" என்று கையை எடுத்துக்கொண்டான்.

அவன் வீடு சாய்ந்தமருதில், கடலுக்கு நான்கு தெரு தள்ளி. அவன் வீடு என்று சொல்லக்கூடாது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே போய் இருக்கிறான். ஆகவே அது பரீதாவின் வீடு. நசீரின் மனைவி. சுறுசுறுப்பான, வாயும் கையும் ஒன்றாக வேலை செய்கிற பெண்.

"அண்ணன், உங்களுக்குச் சோறாக்கி வெச்சிரிக்கன். நாங்க நோன்பெண்டா உங்களுக்குமா நோன்பு? இரிங்க" என்றாள். சோறும் பாரைமீன் குழம்பும் வந்தன. பசித்த இருவர் பார்த்திருக்க நான் ஒருவன் சாப்பிடுவது கூச்சமாக இருந்தது. அவள் விடவில்லை.

"உப்புக் காணுமா எண்டு செல்லுங்க. நாங்க வாய்ல வெச்சுப் பாக்கிறல்ல."

"கொஞ்சம் குறைச்சல்" என்றேன்.

"அப்ப நல்லம். இனிப் பெருநாள் வரைக்கும் உங்கட நாக்குத்தான் இந்த வீட்டுக்கு."

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் முன் ஒரு கரண்டி கஞ்சி, ஒரு துண்டு கட்லட் என்று எனக்கு வரும். ருசி பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

நோன்புக் கஞ்சி எங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் கொடுப்பார்கள். சிறுவயதில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றிருக்கிறேன். இங்குள்ளது வேறு ஜாதி. தேங்காய்ப்பால் கூட, இறைச்சி கூட, ரம்பை இலை மணம். பாங்கு ஒலித்ததும் ஒரு நிமிடம் தெரு முழுக்கச் சத்தமில்லாமல் போகும். எல்லா வாயிலும் பேரீச்சம்பழம். நசீர் பழத்தைக் கடித்து, நீர் குடித்து, மடியிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து யாரும் பார்க்காதபடி வாயில் போட்டான். நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை வயலுக்குப் போனோம். கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டினால் நாவிதன்வெளி. தண்ணீரில் தாமரை இலை, இலை மேல் பறவை, பறவைக்கு மேல் நீலம். அதற்கப்பால் கண் முட்டும் வரை பழுத்த நெல். அறுத்தவர்கள் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்திருந்தார்கள். வண்டிகள் மறுபாதியில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்தன. யாரும் அந்த நெல்லில் டயரை ஏற்றுவதில்லை.

இயந்திரம் மஞ்சள் நிறப் பிராணி மாதிரி வயல் நடுவே நின்றது. பெல்ட்டை மாற்ற நசீர் அடியில் நுழைந்தான். சற்று நேரத்தில் ஸ்பேனர் கையிலிருந்து விழும் சத்தம். எட்டிப் பார்த்தேன். பட்டப்பகல் வெயிலில் அவன் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ இருந்துடா?" என்றேன்.

"சனிக்கிழம. பின்னேரம் அசர் தொழுதிட்டு எழும்பக்குள்ள புடிச்சது."

"அப்போ இது மூணாம் நாள்."

"போடா. நோன்பு பிடிக்க ஏலுமெண்டா அது காச்சலா? விடியச் சஹருக்கு ரெண்டு பெனடோல். நோன்பு திறந்தொடன ரெண்டு. நடுவுல அல்லா பாத்துக்குவான்."

மஸ்கட்டில் கிரேன் பெட்டிக்குள் அந்தச் சூட்டில் உட்கார்ந்து அவனால் ஒரு வருடம்கூட முழு மாதம் பிடிக்க முடிந்ததில்லை. பத்து பிடிப்பான், பன்னிரண்டு பிடிப்பான், பதின்மூன்றாம் நாள் கண் இருட்டும். அப்போதெல்லாம் மேல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஊருக்கு வந்த பிறகும் ஏதாவது ஒன்று வந்து குறுக்கே நின்றது. இந்த வருடம் முப்பதும் பிடிப்பது என்று முடிவு கட்டியிருந்தான். அறுவடையும் இந்த மூன்று வாரம்தான்.

"பரீதாட்ட செல்லிப்போடாத. தெரிஞ்சா என்னக் கட்டிலோட கட்டிப்போட்டு வாய்க்குள்ள கஞ்சிய ஊத்துவாள்."

சரி என்றேன். சொல்லாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது. மஸ்கட்டில் ஒரு நாள் நான் கொக்கியைச் சரியாக மாட்டாததால் ஒரு கட்டுக் கம்பி மேலிருந்து விழுந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்டபோது நசீர் மேலிருந்து இறங்கி, 'காற்று' என்றான். கடைசிவரை காற்று என்றே சொன்னான்.

அவனை நிழலில் உட்காரவைத்து மீதி வேலையை நான் செய்தேன். புது பெல்ட் பாடத் தொடங்கியது. இயந்திரம் நகர்ந்ததும் எங்கிருந்தோ கொக்குகள் இறங்கி, அறுத்த தாளுக்குள் ஓடும் பூச்சிக்காகப் பின்னால் நடந்தன. வைக்கோல் தூசியில் வெயில் பொன்னாகி, நசீரின் தலை மட்டும் அதற்குள் மிதந்து போனது. அழகாகத்தான் இருந்தது. 

செவ்வாய்க்கிழமை அவன் என்னை வயலுக்கு அழைக்கவில்லை. மருதமுனைப் பக்கம் நடந்தேன். வீடுகளுக்குள் தறிகள் தட்டிக்கொண்டிருந்தன. நோன்பானதால் பேச்சு இல்லை, தறி மட்டும் பேசியது. பசித்தபோது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் திரையை விலக்கி நுழைந்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கிழங்கு ரொட்டி வைத்தார். "நோன்பு காலத்தில இஞ்ச வாற ஆக்கள்ட முகத்த நான் பாக்கிறல்ல, தம்பி. தட்ட மட்டும்தான் பாப்பன்" என்றார்.

அன்று மாலை கஞ்சி குடித்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்த நசீர் சுவரைப் பிடித்தான். பரீதா நெற்றியில் கைவைத்தாள்.

"மச்சான், நெருப்பாக் கிடக்கு. எப்ப இருந்து?"

"இப்பதான். பின்னேரம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தட்டிலிருந்த சமோசாவைப் பார்த்தேன். சமோசாவின் மூன்று முனைகளையும் அவ்வளவு கவனமாக நான் முன்பு பார்த்ததில்லை.

புதன்கிழமை மாலை வரை அவன் டாக்டரிடம் வர மறுத்தான். இரத்தம் எடுத்தால் நோன்பு முறியும் என்றான். முறியாது என்று பரீதா சொன்னாள். முறியாது என்று பள்ளிவாசலில் கேட்டு நானும் வந்து சொன்னேன். நோன்பு திறந்த பிறகே கிளம்பினான்.

டாக்டர் நிதானமானவர். வாயைத் திறக்கச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார்.

"நேத்துப் பின்னேரம் தொடங்கின" என்றான் நசீர். "ஓம், நேத்துத்தான்" என்று பரீதா தெரியாமல் சாட்சி சொன்னாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டாம் நாள்" என்று அவர் எழுதினார். அடுத்த தெருவில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடம். முக்காட்டின் மேல் வெள்ளைக் கோட் போட்ட பெண் ஒருத்தி நசீரின் கையிலிருந்து இரத்தம் எடுத்தாள். எல்லோரும் அவளை 'மிஸ்' என்றார்கள். டெங்குக் கிருமியின் துண்டு இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வெள்ளை, சிவப்பு அணுக்களோடு எண்ணும் தட்டுக்கள், எங்கள் ஊரில் பிளேட்லெட் என்பது, கொஞ்சம்தான் குறைந்திருந்தன.

இரண்டாம் நாளுக்கு இது பரவாயில்லை என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணிப் பார்க்கலாம், அதுவரை நோன்பு வேண்டாம், நிறையக் குடிக்க வேண்டும், வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. எல்லாம் சரியாகச் சொன்னார். நசீர் அன்று கேட்டவற்றில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"இல்லையாம்" என்று வழிநெடுக மூன்று தடவை சொன்னான்.

வியாழக்கிழமை நான் விழித்தபோது அவன் வயலுக்குப் போயிருந்தான். பரீதா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"காச்சல் விட்டிட்டு அண்ணன். ஒடம்பு சும்மா தண்ணி மாதிரிக் குளிந்து கிடக்கு. நோன்பும் பிடிச்சிட்டுப் பெய்த்தார். டொக்டர் செல்லினதக் கேக்கிற ஆளா அவர்? ஃபோன அந்த ரத்தம் எடுத்த கதிரைல வெச்சிட்டு வந்திட்டாராம். ஒருக்காப் பெய்த்து எடுத்து வாறீங்களா?"

அவளுடைய நிம்மதியைப் பார்த்து எனக்கும் நிம்மதியானது. சைக்கிளில் போனேன். வலப்பக்கம் தென்னைகளுக்கிடையே கடல் வெள்ளித் தாளாகக் கிடந்தது.

மிஸ் மட்டும் இருந்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஃபோனை எடுத்துத் தந்துகொண்டே கேட்டாள்.

"எப்பிடி இரிக்கார்?"

"காய்ச்சல் விட்டுருச்சு. வயலுக்குப் போயிட்டான்."

அவள் ஃபோனை விடவில்லை. நான் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்திருந்தோம்.

"ரெண்டு நாள்ல விட்ட காச்சலா?"

நான் என் முனையை மெல்ல இழுத்தேன்.

"அண்ணன், நீங்க இந்தியா. உங்களுக்குத் தெரியா. இந்த மாசத்தில எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ரெண்டு நாள் காச்சல்தான். ஒருத்தருக்கும் நாலு நாள் காச்சல் வாறல்ல. எண்ட வாப்பாவும் அப்பிடித்தான். காச்சல் நோன்ப முறிச்ச பிறகுதான் அத எண்ணத் தொடங்குவாங்க. உண்மையச் செல்லுங்க, எத்தினையாம் நாள்?"

என் கண் முன்னால் நசீர் கிரேனிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தான். காற்று என்றான். காற்றுத்தான் என்று எனக்கும் சொல்லத் தோன்றியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஃபோனின் கண்ணாடியில் அவன் விரல் ரேகை எண்ணெய்ப் படிவாகத் தெரிந்தது.

"சனிக்கிழமை அசர்ல இருந்து" என்றேன்.

அவள் விரல் மடித்தாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அடுத்த கைக்கு ஒரு விரல் தாண்டியது.

"ஆறு. நேத்து இரத்தம் எடுக்கக்குள்ள அஞ்சு."

எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். நேற்று எடுத்த இரத்தத்தில் பிரிந்து நின்ற மஞ்சள் நீர் ஒரு சிறு குழாயில் இருந்தது. அதில் ஒரு சொட்டை, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் துண்டிலிருந்த குழியில் விட்டாள். அதன் மேல் வேறொரு திரவத்தில் இரண்டு சொட்டு. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இருவது நிமிசம்."

அந்த இருபது நிமிடத்தில் அவள் சொன்னது எனக்கு விளங்கிய மாதிரி இது. காய்ச்சலின் முதல் நாட்களில் கிருமியின் துண்டு இரத்தத்தில் மிதக்கும், நேற்றுத் தேடியது அதை. நாலைந்து நாளில் அது மறைந்துவிடலாம். அதற்குள் உடம்பு அந்தக் கிருமிக்கென்றே ஒன்றைச் செய்து இறக்கிவிடும். பிறகு அதைத்தான் தேட வேண்டும். அவள் அதைப் பிறபொருளெதிரி என்றாள். எங்கள் ஊரில் கேட்டிராத சொல். ஆனால் கேட்டதும் பிடித்துவிட்டது. வந்தவனுக்கு எதிரே போய் நிற்கிற ஆள்.

"நேத்தைய டெஸ்ட்ல பிழையில்ல. நாங்க கேட்ட கேள்விதான் பிழை. ரெண்டாம் நாள்ட கேள்விய அஞ்சாம் நாள் இரத்தத்திட்டக் கேட்டம்."

ஈரம் வெள்ளைத் தாளில் மேலேறியது. கடற்கரை மணலில் அலை பின்வாங்கிய பின் நிற்கும் ஈரம் மாதிரி மெதுவாக. முதலில் ஒரு கோடு. அது கருவி வேலை செய்கிறது என்பதற்கான கோடு, எல்லோருக்கும் வரும் என்றாள். எனக்குத் தூக்கம் போல் ஒன்று வந்தது. கடிகாரம், விசிறி, தூரத்தில் யாரோ ஓதும் குரல். வெள்ளைத் தாளில் ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லாமலே இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அங்கே நகம் கீறியது போல் ஒரு சாயல். இல்லை என்று நினைக்கும்போது சிவந்தது. அதற்கு மேலே இன்னொன்று, அதைவிடத் தடிப்பாக.

"மெல்லிசுக் கோடு இப்ப வந்த காச்சல். தடிச்சது..." என்று குனிந்தாள். "இது பழைய ஆள். முன்னமும் ஒருக்கா இவருக்கு டெங்கு வந்திரிக்கு. அதால இரத்தம் உடனே அடையாளம் கண்டிட்டு. ரெண்டாந்தரம் வாறதிலதான் பயம் கூட."

"காய்ச்சல்தான் விட்டுருச்சே, மிஸ்."

"விட்டதுதான் பயம், அண்ணன். இது விடுற நேரம் ரத்தக் குழாய்க்குள்ள இரிக்கிற தண்ணி வெளிய கசியத் தொடங்கும். ஆள் குளிருவார், வயிறு வலிக்கும், பிறகு..." பாதியில் நிறுத்தினாள். "அதோட அவர் தண்ணியும் குடிக்கல்ல. அவருக்கு ஒரு கோல் எடுங்க."

இருவரும் ஒரே நேரத்தில் என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தோம்.

அவள் அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் படம் பிடித்து, தாளில் 'காய்ச்சல் ஆறாம் நாள்' என்று பெரிதாக எழுதிக் கோடு போட்டுத் தந்தாள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். சாய்ந்தமருதில் பரீதாவை ஏற்றிக்கொண்டு, கிட்டங்கிப் பக்கம் திரும்பும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"உப்புக்கு மட்டும் உண்மை செல்லுவீங்க, என்ன?"

மஸ்கட்டில் கம்பி விழுந்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

பாலம் தாண்டியதும் சாலையில் நெல். எதிரே உழவு இயந்திரம் ஒன்று பெட்டி நிறைய மூட்டையோடு நின்றுவிட்டது. ஓட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏத்துங்க, காக்கா" என்றாள் பரீதா.

"நெல்லு மேலயா? பாவம், புள்ள."

"ஏத்துங்க. பாவம் எனக்கு."

டயரின் கீழே நெல் நொறுநொறுவென்று பேசியது. ஓட்டோக்காரர் உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டே ஓட்டினார்.

இயந்திரம் வயல் நடுவே நின்றிருந்தது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. கொக்குகள் அதைச் சுற்றி நின்று, எப்போது நகரும் என்று காத்திருந்தன. நசீர் அதன் நிழலில் முழங்காலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தொட்டால் கிணற்றுச் சுவரின் குளிர்.

"காச்சல் இல்ல" என்று சிரித்தான். "வயிறு மட்டும் லேசா."

பரீதா போத்தலைத் திறந்தாள்.

"இன்னும் ஆறு மணித்தியாலந்தான்" என்றான்.

"ஆறு நாளாம். நாள் எண்ணத் தெரியாத மனிசனுக்கு நோன்பெதுக்கு? குடிங்க."

அவன் என் பக்கம் திரும்பினான். "செல்லிட்டியா" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு போத்தலை வாங்கி, அண்ணாந்து, எங்களிருவரையும் பாராமல் குடித்தான். பட்டப்பகலில், வயல் நடுவில், தொண்டை ஏறி இறங்க.

பெரிய ஆஸ்பத்திரியில் கொசுவலை போட்ட கட்டிலில் படுக்கவைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் மிஸ் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, நேரே அவனிடம், "காய்ச்சல் எப்பத் தொடங்கினது?" என்று கேட்டார்.  சனிக்கிழமை பின்னேரம் என்று நான் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த முதுகை எனக்குத் தெரியும். மேல் கட்டிலில் பார்த்த முதுகு.

இங்கே ஊசியை விட எண்ணிக்கைதான் வைத்தியம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். எவ்வளவு நீர் உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வெளியே வருகிறது, மணிக்கு மணி அளந்து எழுதினார்கள். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அன்று மத்தியானம்வரை ஒரு சொட்டும் கூடாது என்றிருந்தவனுக்கு இப்போது ஒவ்வொரு மிடறும் கணக்கு. பரீதா கட்டிலருகே ஸ்டூலில் இருந்து குவளையைப் பிடித்தாள். அவள் நோன்பு. அவள் உதடு வெடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் மோசமாயிற்று. வயிறு உப்பியது. பேசினால் மூச்சு வாங்கியது. நெஞ்சுப்பக்கம் நீர் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஜும்ஆவுக்குப் போன ஊரின் வெறுமை ஜன்னல் வழியாக வார்டுக்குள் வந்தது. நான் தாழ்வாரப் பெஞ்சில் கண்ணை மூடினேன். கொக்குகள் வார்டுக்குள் நடந்தன. கொசுவலைகளுக்கு நடுவே மெதுவாகக் கால் தூக்கி வைத்து, ஒவ்வொரு கட்டிலாக எட்டிப் பார்த்தன. விழித்தபோது நர்ஸ் வெள்ளை உடையில் குனிந்து அளவைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மணிக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவள் அதே குழாயைப் பிடித்துப் பார்த்து, "இப்பதான் ஒழுங்காப் போறார்" என்றாள். வாழ்க்கையில் பல நல்ல செய்தி கேட்டிருக்கிறேன். ஒரு மனிதனின் மூத்திரத்தைப் பற்றிய செய்திக்குக் கண் கலங்கியது அன்று மட்டும்தான்.

மத்தியானம் நசீருக்குப் பசித்தது. உள்ளங்கை அரிக்கிறது என்றான். அது நல்ல அறிகுறி என்றார்கள். என்னை நேராகப் பார்த்து முதல் வார்த்தை பேசினான்.

"மஸ்கட்ல நான் செல்லல்ல."

"அங்க விழுந்தது கம்பிடா" என்றேன்.

அவன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். அதற்குள் இளம் டாக்டர் வந்து, இது உங்களுக்கு இரண்டாவது தடவை, முன்பு எப்போது வந்தது என்று கேட்டார்.

"எனக்கா? ஒருநாளும் வரல்ல" என்றான் நசீர்.

பரீதா குவளையைக் கீழே வைத்தாள்.

"மச்சான், நம்மட கலியாணம் முடிஞ்ச வருசம், நோன்புக்குள்ள, கண்ணெல்லாம் சிவந்து, மேல் முழுக்கத் தடிச்சு, பெருநாளைக்கு எழும்ப ஏலாமக் கிடந்தீங்களே. வெயிலெண்டு சென்னீங்க."

"அது காச்சலில்ல" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தார். அத்தனை வருடத்துக்கு முன் இவன் வெயில் என்று சொல்லி எண்ணாமல் விட்டதை இரத்தம் எண்ணி வைத்திருந்திருக்கிறது. அதுதான் அந்தத் தடித்த கோடு. எனக்குள்ளும் எத்தனை கோடுகள் இருக்குமோ. பெயர் தெரியாத ஊர்களில், சாக்கு மேல் படுத்து, யாரிடமும் சொல்லாமல் கழித்த காய்ச்சல்கள். அவையெல்லாம் போய்விட்டன என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவன் வீடு வந்தான். செவ்வாய் நான் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு அவனே வந்தான், மெலிந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு. பரீதா சோற்றுப் பொட்டலம் கொடுத்திருந்தாள். வழியில் தின்றுவிட்டு உப்பைப் பற்றி ஃபோனில் உண்மை சொல்ல வேண்டும் என்று கட்டளை.

"பெருநாள் வரைக்கும் பிடிக்கவேணாமாம்" என்றான் நசீர். "எல்லாமாப் பன்னிரண்டு நோன்பு பெய்த்து. பிறகு பிடிச்சு அடைக்கணும்."

"அடைச்சிரலாம்டா."

"நீ செல்லினதாலதானே போனது. அரைவாசிய நீ பிடி."

"ஆறா?"

"ஓம். ஆறு நீ நல்லா எண்ணுவாய்தானே."

பஸ் நகர்ந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, மூச்சு வாங்க நின்றுவிட்டான்.

பொட்டலத்தில் உப்பு சரியாக இருந்தது. அதைச் சொன்னேன்.

ஊருக்கு வந்து நான்கு நோன்பு முடித்திருக்கிறேன். ஏன் பகலில் சாப்பிடவில்லை என்று வீட்டில் கேட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு காரணத்தைச் சொல்லிவிட்டேன். ஐந்தாவது நோன்பன்று காலை உடம்பு லேசாகச் சுட்டது. அன்று பிடிக்கவில்லை. இரண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, காலண்டரில் அந்த வியாழக்கிழமைக் கட்டத்துக்குள் பேனாவால் எழுதினேன்: காய்ச்சல், முதல் நாள்.